முதல் பந்தை எடுக்கப் பழகு

அன்புள்ள தம்பிக்கு,

வலைக்கு மேலாகக் காலால் பந்தாடும் செபக்தக்ராவில் நாட்டுக்காக ஆட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆசை பெரிதுதான், ஆனால் எட்டாததல்ல. 2018 ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் வெண்கலம் வென்றார்கள். 2023இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் பெண்களும் வெண்கலம் வென்றார்கள். 2025 மார்ச்சில் பாட்னாவில் நடந்த உலகக் கோப்பையில், மூவர் ஆடும் ஆண்கள் ரெகு இறுதியாட்டத்தின் முதல் செட்டை ஜப்பானிடம் 11-15 என இழந்த நம் அணி, அடுத்த இரண்டையும் 15-11, 17-14 என எடுத்தது. உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் தங்கம் அது.

அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது, ஸ்ட்ரைக்கர் அந்தரத்தில் தலைகீழாகச் சுழன்று உதைப்பதுதான் உன் கண்ணில் நிற்கும். ஆனால் அதற்கு முன்பே இரண்டு வேலை முடிந்திருக்கிறது. எதிரணியின் டெக்கொங் போட்ட சர்வீஸை ஒருவர் எடுத்திருக்கிறார். ஃபீடர் அதை வலையோரம் உயர்த்தித் தந்திருக்கிறார். மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்டியாக வேண்டும். முதல் தொடுதல் பிசகினால் எப்பேர்ப்பட்ட ஸ்ட்ரைக்கரும் வெறுமனே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் பந்தை எடுக்கப் பழகு. உள்பாதத்தால் பந்தைத் தலையுயரம் எழுப்பி, அதே இடத்தில் திரும்ப வாங்கு. வலது கால் அளவுக்கு இடது காலும் பழக வேண்டும். பிறகு நண்பனை வேகமாக எறியச் சொல்லி, காலாலும் தொடையாலும் தலையாலும் அடக்கு. 170 முதல் 180 கிராம் எடையுள்ள அந்தப் பின்னல் பந்து துள்ளி ஓடாமல் உன் முன்னே எழும்பி நிற்கும்வரை குட்டிக்கரணத்தை நினைக்காதே. அதையும் பயிற்சியாளர் இல்லாமல் வெறுந்தரையில் செய்து பார்க்காதே.

மைதானம் இல்லையே என்று தயங்காதே. இந்த ஆட்டத்தின் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்: இறகுப்பந்து இரட்டையர் ஆடுகளத்தின் அளவேதான். ஆண்களுக்கு வலையின் நடு உயரமும் ஏறக்குறைய அதே 1.52 மீட்டர். வசதி இல்லையே என்றும் தயங்காதே. 2018இல் வெண்கலம் வென்ற ஹரிஷ்குமார், டெல்லியில் அப்பாவின் தேநீர்க் கடையில் வேலை பார்த்தவர். டயரை உதைத்து விளையாடித் தொடங்கியவர்.

உன் ஊரான திருப்புலிவனத்துக் கோயிலில் வியாக்ரபாதர் வழிபட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பூசைக்குப் பூப்பறிக்க மரமேற வேண்டும் என்று புலிக்கால் கேட்டு வாங்கியவர் அவர். பிறர் பார்த்து வியக்கவா கேட்டார்? அன்றாடப் பணிக்காகக் கேட்டார். உன் கால்களையும் அப்படியே பழக்கு.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இல்லை. கிரிக்கெட்டுக்கு வரும் கூட்டமும் காசும் இதற்கு வராது. படிப்பை எக்காரணம் கொண்டும் விடாதே. காலையும் மாலையும் ஆடு, நடுவில் படி.

இன்னொன்று. ரெகுவுக்கு மூன்று பேர் வேண்டும். நீ ஒருவன் எவ்வளவு தேறினாலும் அணியாகிவிட முடியாது. திருப்புலிவனத்திலோ உத்திரமேரூரிலோ இன்னும் இரண்டு பேரைத் தேடிப்பிடி. உனக்குத் தெரிந்ததை அவர்களுக்குக் கற்றுக்கொடு. நாட்டுக்கு ஆடுவதற்கு முன்னால் ஊருக்கு ஓர் அணியை உண்டாக்கு. அதை இந்த வாரமே தொடங்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்