கன்றுக்குட்டியும் கைக்குழந்தையும்: ரோட்டா வைரஸ் பற்றித் தெரிந்துகொள்வோம்

சாந்தோம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் வீட்டை ஒட்டியே கொட்டகை போட்டுக் கறவை மாடு வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கன்று கட்டியிருக்கும் வாசலிலேயே குழந்தையும் தவழும். "கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தா குழந்தைக்கும் ஒட்டிக்குமா?" என்று இந்த வீடுகளில் கேட்பது நியாயமான கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் விவரமாப் பார்ப்போம்.

ரோட்டா என்பது என்ன?

கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் குழுவினர் இதைக் குழந்தைகளின் குடலில் கண்டறிந்தார்கள். நுண்ணோக்கியில் சக்கரம் போலத் தெரிந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற லத்தீன் சொல்லே பெயரானது. அதற்கு முன்பே, 1969-ல், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கன்றுகளின் கழிச்சலுக்குக் காரணமான வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பது பின்னர் தெரிந்தது.

பரவும் வழியும் ஒன்றுதான். மலத்தில் வெளியேறும் வைரஸ், கை, பாத்திரம், தண்ணீர், பொம்மை வழியாக வாய்க்குப் போகிறது. மிகக் குறைந்த அளவு வைரஸே நோய் உண்டாக்கப் போதும். தரையிலும் பொருள்களிலும் அது பல நாள் உயிர்ப்போடு இருக்கும்.

மாட்டு வைரஸ், மனித வைரஸ் கலப்பு

ரோட்டா வைரஸின் மரபுப்பொருள் 11 தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. மனித வைரஸும் மாட்டு வைரஸும் ஒரே குடல் செல்லுக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்த மாதிரி துண்டுகள் இடம் மாறலாம். அப்போது புதிய கலப்பு வைரஸ் பிறக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பெங்களூரில் நலமாக இருந்த பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்த 'ஐ-321' என்ற வகையில், 11 துண்டுகளில் 9 மாட்டு வைரஸிலிருந்து வந்தவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பச்சிளம் குழந்தைகளிடம் கண்ட வகையும் மாட்டு வைரஸோடு நெருங்கிய உறவுடையது. பெங்களூர்க் குழந்தைகளுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. வேலூரிலோ அந்த வைரஸ் இருந்த சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் 1980-களில் இப்படி ஒன்று தெரியவந்தது. பிறந்த குழந்தைகள் வார்டில் ஒரு வைரஸ் பரவியது, ஆனால் குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிற்பாடு அவர்களுக்குக் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு குறைவாகவே வந்தது. '116-இ' எனப்படும் அந்த வைரஸில் 10 துண்டுகள் மனித வகை, 1 துண்டு மாட்டு வகை. அதிலிருந்து உருவானதுதான் 'ரோட்டாவாக்' சொட்டு மருந்து. டெல்லி, புனே, வேலூர் ஆகிய 3 இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2014-ல் உரிமம் பெற்றது.

அதுக்காக மாட்டை விக்கணுமா?

வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் ரோட்டா பெரும்பாலும் இன்னொரு குழந்தையிடமிருந்தோ வீட்டுப் பெரியவர்களிடமிருந்தோதான் வருகிறது. மாட்டு வைரஸ் மனிதரிடம் நுழைந்தாலும், ஆளுக்கு ஆள் தொடர்ந்து பரவுவது அரிது. மாடே இல்லாத அடுக்குமாடிக் குழந்தைக்கும் ரோட்டா வரும். ஆனால் கழிச்சல் கண்ட கன்றைத் தொட்ட கையோடு குழந்தையைத் தூக்கினால், இரண்டு வைரஸும் சந்திக்க நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க

* கன்று பிறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். கன்றுக்கு அதுதான் முதல் பாதுகாப்பு.
* கழிச்சல் கண்ட கன்றைத் தனியாகக் கட்டுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962-ஐ அழைக்கலாம்.
* கொட்டகை வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். சானிடைசர் மட்டும் போதாது.
* சாணம், கழிவுநீர் தெருவிலோ குடிதண்ணீர்க் குழாய் அருகிலோ தேங்க விடாதீர்கள்.

எல்லா வீடுகளுக்கும்

தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்ததாக மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா தடுப்பு மருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இது ஊசி இல்லை, வாய்வழி மருந்து. 6, 10, 14-வது வாரங்களில் 3 தவணை. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கைப்பேசியில் 'யூ-வின்' தளத்தில் பதிவு செய்தால் அடுத்த தவணை எப்போது என்று தெரிந்துகொள்ளலாம், சான்றிதழும் எடுக்கலாம்.

சோதனையில் முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைச் சுமார் 56 சதவீதம் ரோட்டாவாக் குறைத்தது. பெரிய பலன்தான், ஆனால் முழுக் கவசம் இல்லை. "சொட்டு மருந்து குடுத்தாச்சே" என்று அசட்டையாக இருக்காதீர்கள். வீட்டில் எப்போதும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். 1 லிட்டர் பாக்கெட்டை, காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுங்கள். ஆன்டிபயாடிக் ரோட்டாவுக்கு வேலை செய்யாது. மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த இரண்டையும் 1962-ஐயும் இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.