பக்கத்து வீட்டு வரைபடத்தைக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் சுவரை ஒட்டி நான்கு மாடிக் கட்டடம் எழும்புகிறது. அதன் அனுமதி வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘மூன்றாம் நபர் தகவல், தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது என்பதற்காகவே ஒரு கோப்பை மூடிவிட முடியாது. 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவு, அந்த நபருக்கு நோட்டீஸ் அனுப்பி அவர் சொல்வதைக் கேட்கச் சொல்கிறது. ஆனால், முடிவெடுக்க வேண்டியவர் அதிகாரிதான். மறுத்தால் காரணத்தையும், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதித் தர வேண்டும். உங்களுக்கு வந்த பதிலில் அது இல்லையென்றால், மேல்முறையீட்டில் அதையே முதல் குறையாக எழுதுங்கள்.

வரம்பும் உண்டு. தனிநபர் விவரங்களுக்கான விலக்கை 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இறுக்கியிருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஆனாலும், பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. எனவே உரிமையாளரின் பத்திரம், தொலைபேசி எண் எதையும் கேட்காதீர்கள். எத்தனை மாடிக்கு அனுமதி, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், கள ஆய்வு அறிக்கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். தனிப்பட்ட விவரத்தை மறைத்துவிட்டு மீதியைத் தர 10-வது பிரிவு வழி செய்கிறது. கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம்.

முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள், அதே துறையின் மேலதிகாரியிடம் செய்யுங்கள். அதிலும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. அதைச் சென்னைக்கு அனுப்பிவிடாதீர்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால், அது போக வேண்டிய இடம் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையம்.