நானோ துகள்களும் புற்றுநோய் சிகிச்சையும்

கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசசர் குறித்த விபரங்களில் 'நானோ மீட்டர்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். இதே சொல் இப்போது மருத்துவ விளம்பரங்களிலும் வருகிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவர், இணையத்தில் பார்த்த 'நானோ சொட்டு மருந்தை' புற்றுநோய் உள்ள தன் தாயாருக்கு வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். கீமோதெரபியை நிறுத்திவிடும் எண்ணமும் அவருக்கு இருந்தது. அவருக்கு நான் விளக்கியதை இங்கு தருகிறேன்.

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர். சிறிதாக்குவதால் என்ன பயன்? உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். ஒரு செ.மீ. பக்கம் கொண்ட சர்க்கரைக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதனை 100 நானோ மீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மேற்பரப்பு ஒரு லட்சம் மடங்காகும். 6 x 100000 எனப் பெருக்கி, 10000 ஆல் வகுத்திடுங்கள். விடை 60 சதுர மீட்டர். அதாவது சுமார் 645 சதுர அடி. ஒரு சிறிய வீட்டின் பரப்பு! இந்தப் பரப்பில் மருந்தையும் பிற பொருட்களையும் ஏற்றலாம்.

வேகமாக வளரும் புற்றுக்கட்டியின் ரத்தக் குழாய்களில் இடைவெளிகள் இருக்கும். அவற்றின் வழியே நானோ துகள்கள் கசிந்து கட்டியில் தங்குகின்றன. இதனை 1986ல் ஜப்பானில் மாட்சுமுரா, மயேதா ஆகியோர் விளக்கினர்.

இந்த முறையில் வந்ததே டாக்சில். டாக்சோரூபிசின் மருந்து இதயத்தைப் பாதிக்கக் கூடியது. அதனைச் சுமார் 100 நானோ மீட்டர் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தனர். இதயத்திற்கான பாதிப்பு குறைந்தது. 1995ல் அமெரிக்கா அனுமதித்தது. அடுத்து, நீரில் கரையாத பேக்லிடாக்சல் மருந்தை அல்புமின் புரதத்துடன் இணைத்து, அப்ராக்சேன் என 2005ல் மார்பகப் புற்றுநோய்க்குக் கொண்டு வந்தனர்.

கண்டறிவதிலும் உதவி உண்டு. இரும்பு ஆக்சைடு துகள்களை மார்பில் செலுத்தினால், அவை அருகிலுள்ள நிணநீர்க் கணுவைச் சென்றடையும். காந்தக் கருவி அந்தக் கணுவைக் காட்டும். அதை எடுத்துச் சோதித்தால், நோய் பரவியுள்ளதா எனத் தெரியும். இத்தகைய மேக்ட்ரேஸ் 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் எல்லாத் துகள்களும் கட்டியைச் சேர்வதில்லை. பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளை டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரட்டி, 2016ல் வெளியிட்டனர். கட்டியைச் சேர்ந்த அளவின் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதமே. அதாவது ஆயிரத்தில் ஏழு! பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக் கொள்கின்றன.

எனவே இணையத்தில் நானோ மருந்து பற்றிப் படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன? எந்த வகைப் புற்றுநோய்க்கு? சோதித்தது எலியிடமா, மனிதரிடமா? நண்பர் பார்த்த விளம்பரத்தில் மூன்றுக்குமே பதில் இல்லை. சொட்டு மருந்தை விட்டுவிட்டு, தாயாரை அடுத்த கீமோதெரபிக்கு அழைத்துச் சென்றார். விளம்பரத்தை நம்பி நடக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து உங்கள் டாக்டரிடமே காட்டுங்கள்.