வெள்ளம் வந்தா இஎம்ஐ நிக்குமா? பேரிடர் சட்டத்தில் சத்தமில்லாமல் போன ஒரு பிரிவு

எமர்ஜென்சி ஃபண்ட் என்றாலே நாம வேலை போறது, ஆஸ்பத்திரிச் செலவு, இந்த ரெண்டைத்தான் யோசிக்கிறோம். இன்னைக்கு மூணாவதைப் பார்ப்போம்: ஊரே பாதிக்கப்படும்போது உங்க கடனுக்கு என்ன ஆகும்?

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடுமையான பேரிடர் வந்தால், பாதிக்கப்பட்டவங்களுக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதில் நிவாரணம் கொடுக்கவும், சலுகையில் புதுக் கடன் கொடுக்கவும் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரை செய்யலாம் என்பது அதன் சாரம். கவனிங்க, பரிந்துரை மட்டும்தான். ஆனாலும் கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது.

2025 மார்ச்சில் வந்த திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. செய்திகளில் பெரிதாக வந்தது வேறு விஷயம்: மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் தனி நகர்ப்புற பேரிடர் ஆணையம் அமைக்கலாம் என்ற புது ஏற்பாடு. சென்னைக்கும் கோவைக்கும் அது நல்லதுதான். ஆனா சம்பளக்காரர் பாக்கெட்டைத் தொடுவது நீக்கப்பட்ட பிரிவு.

வயநாட்டில் இது நேரடியாகத் தெரிந்தது. 2024 ஜூலை 30 நிலச்சரிவில் வீட்டையும் வேலையையும் இழந்தவங்களோட கடனைத் தள்ளுபடி செய்வது பற்றி கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, அந்தப் பிரிவே இப்போது சட்டத்தில் இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. அதே வயநாட்டில், அரசு அனுப்பிய நிவாரணப் பணம் கணக்கில் விழுந்ததும் ஒரு வங்கி அதிலிருந்து இஎம்ஐயைப் பிடித்துக்கொண்ட சம்பவமும் நடந்தது. வங்கி வேண்டுமென்று செய்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆட்டோ டெபிட் போட்ட கணக்கில் பணம் இருந்தால் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அது நிவாரணமா சம்பளமா என்று மெஷினுக்குத் தெரியாது.

அதனால முதல் வேலை, இஎம்ஐ போகும் கணக்கு வேற, அவசரப் பணம் இருக்கும் கணக்கு வேற என்று பிரிங்க. ஒரே வங்கியில் ரெண்டு கணக்கு வைக்காம, வேற வங்கியில் வைங்க.

"தள்ளுபடி இல்லைன்னா தவணையைத் தள்ளிவைக்கலாமே?" என்று கேட்பீங்க. இயற்கைப் பேரிடர் பகுதிகளில் கடனை மறுசீரமைக்கவும் அவகாசம் கொடுக்கவும் ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் இருக்கு. ஆனா அவகாசம் என்றால் வட்டி நிற்காது. 2020 கொரோனா மொரட்டோரியத்திலும் அப்படித்தான் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

கணக்குப் போடுவோம். 30 லட்சம் ஹோம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். ஆரம்பத்திலேயே மூணு மாசம் கட்டாமல் விட்டால், அந்த வட்டி அசலில் சேர்ந்து கடன் 30,64,000-ஐத் தாண்டும். அதே இஎம்ஐயைத் தொடர்ந்தால் 240 தவணையில் முடிய வேண்டியது 254-ஐயும் தாண்டிப் போகும். இப்போ கையில் நிற்பது சுமார் 78,000. அந்த மூணு மாசத்தைப் பின்னால் கட்டுவது போக, கூடுதலாகக் கட்டுவது சுமார் 3.68 லட்சம்! வேற வழியே இல்லைன்னா எடுங்க, தப்பில்லை. நிலைமை சரியானதும் அந்த 64,000-ஐ முதலில் பார்ட் பேமென்ட்டாக அடைச்சிடுங்க.

அப்போ அவசரப் பணத்தைக் கணக்கிடும்போது ஆறு மாச வீட்டுச் செலவு மட்டும் போதாது, ஆறு மாச இஎம்ஐயும் அதில் சேரணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட்டும் சிக்னலும் இல்லை. யுபிஐ இருந்தும் பால் பாக்கெட் வாங்க முடியாது. ஒரு வாரச் செலவுக்கு நூறும் ஐம்பதுமாக நோட்டு வீட்டில் இருக்கட்டும்.

பிஎஃப் பக்கம் மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி. 2025 அக்டோபரில் இபிஎஃப்ஓ அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி, சிறப்புச் சூழ்நிலை என்ற வகையில் பணம் எடுக்க வெள்ளம், கதவடைப்பு என்று காரணம் காட்ட வேண்டியதில்லை. 12 மாச சர்வீஸ் போதும். ஆனா 25% கணக்கிலேயே இருக்கணும். 2 லட்சம் இருந்தால் 50,000-ஐத் தொட முடியாது. யுஏஎன் கேஒய்சியும் வங்கிக் கணக்கு விவரமும் சரியாக இருக்கா என்று வெயில் அடிக்கும்போதே பாருங்க, தண்ணி வந்த பிறகு திருத்த முடியாது.

கடைசியா இன்ஷூரன்ஸ். முழுதாக இடிந்த வீட்டுக்கு அரசு நிவாரண விதிப்படி சமவெளியில் 1.2 லட்சம்தான். ஹோம் லோன் எடுத்தப்போ வங்கி சேர்த்துவிட்ட பாலிசி உங்க உயிருக்கா, கட்டடத்துக்கா என்று எடுத்துப் பாருங்க. நிறைய பேருக்கு அது உயிருக்கு மட்டும்தான் இருக்கும். கட்டடத்துக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கு. வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடங்கும். வீட்டுப் பொருளுக்கும் கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே கவர் ஆகும். வாடகை வீட்டில் இருப்பவங்க பொருளுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். பிரிட்ஜ், டிவி, லேப்டாப் பில்லை எல்லாம் போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வைங்க.