வரைகலை அட்டை வாங்குமுன் ஒரு பெருக்கல் கணக்கு

கணினி விளையாட்டுக்காக வரைகலை அட்டை வாங்க நினைக்கும் இளைய மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை கிகாபைட் அட்டை வாங்கலாம்?" என்பதுதான். கடைக்காரரும் அதையே சொல்வார். பெட்டியின் மீதும் அதுவே பெரிய எழுத்தில் இருக்கும். கல்விக் கடனில் மிச்சம் பிடித்த சில நூறு வெள்ளியோடு லோ யாட் பிளாசா படியேறுபவருக்கு அந்த ஓர் எண் போதாது.

வரைகலை அட்டை தனக்கென ஒரு செயலியையும் தனக்கென ஒரு நினைவகத்தையும் கொண்டது. திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சிக்கும் செயலி நினைவகத்திலிருந்து தரவுகளை ஓயாமல் எடுக்க வேண்டும். நினைவகம் ஒரு கிடங்கு என்றால், கிடங்குக்கும் செயலிக்கும் இடையே ஒரு சாலை உண்டு. கிகாபைட் என்பது கிடங்கின் அளவு; சாலையின் அகலம் பிட் கணக்கில் தனியாகக் குறிக்கப்படும். அந்த அகலத்தை, ஒரு தடத்தில் நொடிக்குச் செல்லும் கிகாபிட்டால் பெருக்கி 8ஆல் வகுத்துப் பாருங்கள்.

என்விடியா 2017இல் வெளியிட்ட ஜிடி 1030 அட்டைக்கு 64 × 6 ÷ 8, அதாவது நொடிக்கு 48 கிகாபைட். 2018இல் அதே பெயரில், அதே 2 கிகாபைட்டோடு, டிடிஆர்4 நினைவகம் பொருத்திய இன்னோர் அட்டை வந்தது. அதற்கு 64 × 2.1 ÷ 8, ஏறத்தாழ 17தான். பெயர் ஒன்று, வேகம் மூன்றில் ஒரு பங்கு! இதை ஏமாற்று வேலை என்றே நான் சொல்வேன்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரிலும் இரண்டு உண்டு. 2022இல் வந்த 8 கிகாபைட் அட்டை 128 பிட், நொடிக்கு 224 கிகாபைட். 2024இல் வந்த 6 கிகாபைட் அட்டை 96 பிட், 168 கிகாபைட். ஆனால் இந்தச் சிறியதை நான் ஒதுக்கமாட்டேன். தாய்ப்பலகையின் செருகுவாய் 75 வாட் வரை மின்சாரம் தரும். சிறிய அட்டைக்கு 70 வாட் போதும். பெரியதற்கு 130 வாட்டும், மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பியும் வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினியை மலிவாக வாங்கியவர்களுக்கு அந்தக் கம்பியே இருக்காது. அவர்களுக்கு 6 கிகாபைட் அட்டைதான் பொருத்தம்.

இன்னொரு சாலையும் இருக்கிறது: அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே உள்ளது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டைக்கு அங்கே நான்கே தடங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 வகைப் பழைய தாய்ப்பலகையில் அவற்றின் வேகமும் பாதியாகிவிடும். 4 கிகாபைட் நினைவகம் நிரம்பியதும் தரவுகள் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் வந்தாக வேண்டும். விளையாட்டு திக்கித் திணறும். அதைவிட 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600, எட்டுத் தடங்களோடும் 8 கிகாபைட்டோடும், 1920×1080 திரைக்கு நல்ல துணை. இன்டெல் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆர்க் பி580, 12 கிகாபைட், 192 பிட் கொண்ட தாராளமான அட்டை. ஆனால் தாய்ப்பலகையில் ரீசைசபிள் பார் வசதி இல்லையென்றால் வாங்காதீர்கள். வேகம் வெகுவாகக் குறையும்.

வேலோரண்ட், டோட்டா 2 மட்டும் ஆடுபவர்களுக்குத் தனி அட்டையே தேவையில்லை என்பது என் கருத்து. ரைசன் 5 5600ஜி போன்ற செயலிக்குள்ளேயே வரைகலைப் பகுதி இருக்கிறது. அதுவும் கணினியின் பொது நினைவகத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே 16 கிகாபைட்டை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு 8ஆக வாங்கிப் பொருத்துங்கள். சாலை இரு மடங்கு அகலமாகும்.

பயன்படுத்திய அட்டை வாங்குவோர்க்கு ஒரு சொல். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயத்தை வரைகலை அட்டைகளால் அகழும் முறை நின்றபின், இரவு பகலாக உழைத்த பல அட்டைகள் சந்தைக்கு வந்தன. விசிறி தடுமாறுகிறதா என்று பாருங்கள். பழைய என்விடியா சில்லுக்குப் புதுப்பெயர் சூட்டி விற்பவர்களும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை விரலியில் எடுத்துச் சென்று, விற்பவரின் கணினியிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிட் அகலம், தடங்களின் எண்ணிக்கை, நினைவக வகை எல்லாம் ஒரே திரையில் வரும். காட்ட மறுத்தால் பணத்தை எடுக்காமலே திரும்பிவிடலாம்.