நான்கு திறன்களும் ஒரு மதிப்பெண்ணும்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில விழையும் நம் மாணவர்கள் தம் ஆங்கிலத் தேர்ச்சியைச் சான்றுடன் நிறுவ வேண்டியுள்ளது. அதற்கெனப் பரவலாக ஏற்கப்படும் தேர்வுகளுள் ஒன்று, 1989-இல் தொடங்கப்பெற்ற ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு திறன்களுக்கும் தனித்தனியே 9 வரை மதிப்பெண் வழங்கி, அவற்றின் சராசரியை அரைப் புள்ளிக்குத் திருத்தி மொத்த மதிப்பெண்ணாக அறிவிப்பர்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கருத வேண்டும். மூன்று திறன்களில் 7-உம், எழுதுதலில் 5.5-உம் பெற்றவரின் மொத்த மதிப்பெண் 6.5 ஆகும். ஆயினும், ‘மொத்தம் 6.5; எத்திறனிலும் 6-க்குக் குறையலாகாது’ என விதிக்கும் பல்கலைக்கழகத்தில் அவர் தகுதி பெறார். மூன்றின் நிறைவு ஒன்றன் குறையை மறைப்பதில்லை.

அக்குறை எழுத்தில் நேர்வதேன்? 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரையை 40 நிமிடங்களில் தாமே சிந்தித்து எழுத வேண்டும். மனப்பாடம் அங்கே கைகொடாது. கருத்தை வகுத்து, காரணம் காட்டி, முடிவு கூறும் பழக்கத்தைத் தமிழ்க் கட்டுரையில் பயின்றவர்க்குப் பாதிச் சுமை குறையும்.

மதிப்பெண் பொதுவாக ஈராண்டுகளே செல்லும். ஆதலின், பயிற்சியை முதலாண்டிலும் தேர்வை இறுதியாண்டிலும் மேற்கொள்ளுதல் நன்று. தாய்மொழியில் தெளிவு பெறுவோம். இன்ஷா அல்லாஹ், பிறமொழியும் வசப்படும்.