எட்டாயிரம் ரூபாயும் நான்கு மணி நேரமும்

கேள்வி: சிங்கப்பெருமாள் கோவிலில் கடன் வாங்கி வீடு கட்டிக் குடிவந்தோம். எனக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாலேகால் வருஷமாக இப்படித்தான். சம்பளம் 38,000 ரூபாய். இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் 30,000க்குக் கூப்பிடுகிறார்கள். “எட்டாயிரத்தை யாராவது விடுவார்களா? ஊரே ரயிலில்தானே போகிறது, போகப் போகப் பழகிவிடும்” என்கிறார் கணவர். அந்த வேலைக்குப் போக நினைப்பது தப்பா?

– வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: நினைப்பதில் தப்பில்லை. எட்டாயிரம் என்கிற கணக்கில்தான் தப்பு. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், போட்டுப் பாருங்கள்.

எட்டு மணி நேர வேலை, நான்கு மணி நேரப் பயணம். மாதம் 25 நாள் என்றால் 300 மணி நேரம். சீசன் டிக்கெட்டுக்குப் பெரிதாக ஆகாது. ஸ்டேஷனில் ஸ்கூட்டர் நிறுத்துவது, இறங்கியதும் ஷேர் ஆட்டோ, பசி தாங்காமல் வழியில் டீயும் சமோசாவும், வீடு சேர ஒன்பதாகிவிட்டால் பார்சல் சாப்பாடு – இவைதான் பணத்தைத் தின்பவை. எல்லாம் சேர்த்து 3,000 என்று வையுங்கள். மிஞ்சுவது 35,000, மணிக்கு 117 ரூபாய்.

மறைமலை நகர் உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். போக வர ஒரு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 225 மணி நேரம். செலவு 1,000 போக 29,000. மணிக்கு 129 ரூபாய். ஆக, குறைந்த சம்பளத்தில்தான் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம்.

ஆனால் வங்கிக்கு மணிக்கணக்கு தெரியாது, தவணைத் தொகைதான் தெரியும். மாதம் நிஜமாகவே குறையப்போவது 6,000. அது இல்லாமல் வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் ஓடுமா? ஓடாது என்றால் இப்போதைக்கு மாறாதீர்கள். இழுத்துப் பிடித்தால் ஓடும் என்றால் மாறலாம் என்பேன்.

“பழகிவிடும்” என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். புருனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தகவல்களை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்கு அதிக நேரம் பயணம் செய்கிறவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவு குறைவாக இருந்தது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. அவர்கள் இதை ஒரு முரண்புதிர் என்றார்கள். மாலையில் நுங்கம்பாக்கத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறுகிறவர்களுக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை. கடற்கரையிலும் எழும்பூரிலுமே சீட் நிரம்பிவிடும், தாம்பரத்தில் கூட்டம் இறங்கும்வரை நின்றே வரவேண்டும். அந்த வண்டியை விட்டால் தாம்பரம் வண்டிகள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நமக்கானது வராது. புது வீட்டின் கூடுதல் அறை ஆறு மாதத்தில் பழகிப்போகும். பயணம் பழகாததற்குக் காரணம், அது தினமும் ஒரே மாதிரி படுத்துவதில்லை. இன்று சிக்னல் கோளாறு, நாளை மழை.

ராஜினாமாவுக்கு முன் இப்போதைய அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். காலை எட்டுக்கு வந்து நாலரைக்குக் கிளம்பலாமா? வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாமா? மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் கணக்குப் பிரிவு வேலையில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்பது அவர்களுக்கும் தெரியும். சம்மதித்தால் சம்பளம் குறையாமலே பாதித் தொல்லை தீரும்.

மறுத்தாலும் உடனே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பணிக்கொடை பெற பொதுவாக ஐந்து வருடத் தொடர்ச்சியான பணி வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 19,000 என்றால், ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 55,000 ரூபாய் கிடைக்கும். இன்னும் ஒன்பது மாதம்தான் பாக்கி. புதிய கம்பெனி அதுவரை பொறுக்காது என்றால், இந்தத் தொகையை இழக்கிறேன் என்று அவர்களிடமே சொல்லி 33,000 கேளுங்கள். அவர்கள் சொல்கிற 30,000 பி.எஃப். பிடித்தம் போகவா, பிடிப்பதற்கு முன்பா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.